மடுல்சீமைக் கப்பலில் ஓர் இடம்

ஹுமைத் நானா பூப்போட்ட சீத்தைத் துணியை மூக்கு நுனியிலிருந்து விரல் நுனிவரை இழுத்து அளந்துகொண்டிருந்தபோது ஏழாவது ஆள் வந்து கதவைத் தட்டினான். தை பிறந்ததும் மடுல்சீமையிலிருந்து கப்பல் புறப்படுகிறதாமே, பேர் எழுதுவது இந்த வீட்டில்தானா என்று கேட்டான். நானா துணியை விடாமல், "கப்பலா? எனக்கிட்ட ஒரு மாட்டுவண்டி கூட இல்லியே வாப்பா" என்றார். வந்தவன் நம்பவில்லை. பெரிய மனிதர்கள் முதலில் இல்லையென்றுதான் சொல்வார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

மடுல்சீமையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே மேகம் உண்டு, அட்டை உண்டு, கண்ணுக்கெட்டும்வரை தேயிலை உண்டு. கடல் மட்டும் கிடையாது. ஆனாலும் அந்தக் கார்த்திகையில் பதுளைக் கடைத்தெரு முழுவதும் இதே பேச்சு. அமெரிக்கா தேசத்துத் துரைசாணி ஒருத்தி செலவு கொடுக்கிறாளாம். தோட்டத்துச் சனங்களையெல்லாம் ஏற்றிக் கடல்தாண்டிக் கொண்டுபோய் அவரவர் சொந்த ஊரில் இறக்கிவிடுவாளாம். வழியில் சாப்பாடும் உண்டாம். மொஹிதீன் முதலாளி, கப்பல் திரும்பி வரும்போது வெறுமையாகத்தானே வரும், ஐம்பது மூட்டை வெங்காயம் ஏற்றலாமா என்று விசாரித்து வைத்தார். கடலில்லாத மலையில் கப்பலைத் தேடி இரண்டு நாள் நடந்து, காலில் பதினோரு அட்டைகளோடு திரும்பிய ஒரு பத்திரிகை ஆசாமியைப் பற்றி இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. அவருக்குக் கப்பல் கிடைக்கவில்லை. ஹுமைத் நானா கிடைத்தார்.

நானாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தலையில் துணிமூட்டை, கையில் கறுப்புக் குடை, கணுக்காலில் அட்டைக்காகப் பூசிய சவுக்காரம். இருபத்தோரு வருஷமாக இதே கோலம். செவ்வாய்க்கிழமை பதுளையை விட்டால் பசறையில் இராத்தங்கல், புதன்கிழமை மலையேற்றம், வியாழக்கிழமை தோட்டத்துச் சனங்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் வியாபாரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பசறைப் பள்ளிக்கு இறங்கிவிட வேண்டும். மற்ற மூட்டைக்காரர்கள் வழியிலிருக்கும் தோட்டங்களில் விற்றுக்கொண்டே மேலே போவார்கள். இவர் முழு மூட்டையோடு கடைசித் தோட்டத்துக்கு ஏறி, அங்கிருந்து விற்றுக்கொண்டே இறங்குவார். ஏன் இப்படி என்று கேட்டால், "புத்திசாலி இறங்கேக்க வெறுங்கையோட வருவான். நான் ஏறேக்கயே மூச்சு வாங்கிச் செத்துப் போவன். அதான் வித்தியாசம்" என்பார்.

தம்மைத் தாமே கேலி செய்துகொள்வதில் அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிறர் செய்வதற்குமுன் தாம் செய்துவிட்டால், பிறருக்கு மிச்சம் எதுவும் இராது. கை கட்டையானவர், அவர் மூக்கிலிருந்து விரல்வரை அளந்தால் கெஜத்துக்கு மூன்று விரல் குறையும். அதை அவரே சொல்லிவிடுவார். "இது என்ட உம்மா தந்த கை. இந்தக் கெஜத்துல தச்சா சட்டைக்கு ஒரு பக்கம் தோள் ஈக்காது" என்று சொல்லி, நான்கு விரல் கூட்டிக் கிழிப்பார். பெண்கள் சிரிப்பார்கள். ஒரு விரல் லாபம் என்று வாங்கியும் விடுவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தம்மைக் கேலி செய்ததில்லை. அது படிப்பு. நானாவுக்கு வாசிக்கத் தெரியும். அவருடைய உம்மா வைத்துவிட்டுப் போன தொழுகைப் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. தமிழ்தான், ஆனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழ். வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகும். அதை அவர் தட்டுத்தடங்கலின்றி வாசிப்பார். மனைவி ஸுலைஹா அடுப்படியிலிருந்து கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்வாள். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்து, மழைக்குப்பின் சுவரில் ஊரும் பூச்சிகளைப் போலத் தெரியும். ஆனால் அதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டதில்லை, அந்த வியாழக்கிழமைவரை.

மடுல்சீமை மலையிலுள்ள ஊசிப்பாறைத் தோட்டத்துத் துரை ஸ்கொத்லாந்துக்காரர். போன வருஷம் ஊருக்குப் போனவர், திரும்பி வரும்போது கப்பலிலே சந்தித்த அமெரிக்கப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்துவிட்டார். அவள் ஊரில் நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமை நன்றிப் பெருநாள். அன்றைக்கு வான்கோழி சாப்பிட்டே ஆக வேண்டுமாம். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுவதால், வான்கோழி கொழும்பிலிருந்து பண்டாரவளைவரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் ஏறி, வழியிலிருந்த அத்தனை கிராமத்துக்கும் தன் வரவைக் கூவி அறிவித்துக்கொண்டே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. பசறையில் அதைப் பார்த்தவர்கள் மயிலுக்கு ஏதோ வியாதி என்று நினைத்தார்களாம்.

துரைசாணிக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அவள் பெட்டியில் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள் இருந்தன. பெருநாளன்று தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டி, அந்தப் பெருநாள் வந்த கதையை அவர்கள் பாஷையில் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்காகச் சொல்லிவைத்திருந்த வாத்தியாருக்குக் காய்ச்சல். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்தாயிற்று, வெளியே மழை கொட்டுகிறது, வாசிக்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்து, மடுவத்துக் கூரையின்கீழ் மூட்டையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஹுமைத் நானா அவள் கண்ணில் பட்டார். துரைசாணிக்கு நாற்பது தமிழ் வார்த்தைகள் தெரியும்; அவற்றில் முப்பது சமையலறை வார்த்தைகள். மீதியில் ஒன்றை எடுத்து, "படிக்கும்?" என்றாள்.

நானா நெஞ்சை நிமிர்த்தி, படிப்பேன் என்றார். அதில் பொய்யில்லை. பொய்யில்லாததுதான் வினையாயிற்று.

புத்தகம் அவர் கைக்கு வந்தபிறகுதான் உள்ளே பூச்சிகள் ஊர்வது தெரிந்தது. திருப்பிக் கொடுக்கலாமென்று நிமிர்ந்தால், துரைசாணியைக் காணோம். சமையற்காரன் வான்கோழிக்கு மிளகாய் அரைத்துப் பூசுகிறானென்று யாரோ வந்து சொல்ல, பங்களாவுக்கு ஓடிவிட்டாள். எதிரே நாற்பது பிள்ளைகள். பின்னால் கொழுந்துக் கூடையோடு நிறுவைக்குக் காத்துநிற்கும் பெண்கள். பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்தது. அதுவே போதுமென்று நானா துணிந்தார். பிஸ்மி சொன்னார். ஆயுள் முழுவதும் பழகிய கை, வலப்பக்கத்து அட்டையைத் திறந்தது.

ஆகவே கதை கடைசிப் பக்கத்து விருந்தில் தொடங்கியது. நீளமான மேசை, சுற்றிலும் கறுப்புச் சட்டைக்காரர்கள், நடுவில் தட்டு நிறையப் பொரித்த பறவை. ஒரு ஊரில் எல்லோரும் வயிறாரத் தின்றார்கள் என்று ஆரம்பித்தார் நானா. அடுத்த பக்கத்தில் அதே பறவை சிறகுகளோடு காட்டுக்குள் ஓடுகிறது. நானா ஒரு கணம் யோசித்துவிட்டு, போதுமா தின்றது, அப்படியானால் நான் வருகிறேன் என்று பறவை எழுந்து, சிறகுகளைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டது என்றார். பிள்ளைகள் கூரை அதிரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவரைக் கெடுத்தது. இருபத்தோரு வருஷமாகத் தம் கட்டைக் கைக்குக் கிடைக்காத சிரிப்பு அது.

பிறகு தங்குதடையில்லை. பூசணிக்காயும் சோளமும் சுமந்து நிற்கிறவர்கள் அவற்றைக் கொண்டுபோய்ச் செடியிலேயே மாட்டினார்கள். தலையில் இறகு செருகிய காட்டுமனிதன் ஒருவன், குனிந்து விதையூன்றக் கற்றுக்கொடுக்கிற படம். நானாவின் கதையில், கறுப்புச் சட்டைக்காரர்கள் விதைகளை மண்ணிலிருந்து பொறுக்கி எண்ணி அவனிடம் ஒப்படைத்தார்கள். இது உன் காணி, நாங்கள் இருந்தது போதும் என்றார்கள். பனி கொட்டுகிற பக்கம் வந்தது, ஓரத்தில் சில புதைகுழிகளோடு. பனியை நானா கண்டதில்லை. வானத்திலிருந்து உப்புக் கொட்டியது, நல்ல சகுனம் என்று சொல்லித் தாண்டிவிட்டார். அப்புறம் கப்பல். எல்லோரும் ஏறினார்கள். கடைசியில் ஒரு பழைய ஊர்த் துறைமுகம். கரையெல்லாம் சனம், கைக்குட்டையை வீசிக்கொண்டு. வழியனுப்புகிறவர்களை நானா எதிர்கொள்கிறவர்களாக்கினார். அண்ணன் வந்திருக்கிறான், தங்கச்சி வந்திருக்கிறாள், போனவர்கள் திரும்பிவிட்டார்களென்று ஊரே கரையில் நிற்கிறது என்றார்.

மடுவத்தில் அப்போது யாரும் சிரிக்கவில்லை. நிறுவைக்காரன்கூடத் தராசைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் துரைசாணி திரும்பி வந்தாள். கப்பல் படத்தைப் பார்த்ததும், கதை இப்போதுதான் தொடங்குகிறது என்று நினைத்து மகிழ்ந்து, உட்கார்ந்து, அது முடிந்துவிட்டதைக் கண்டு திகைத்து, எப்படியும் பிள்ளைகளின் முகம் மலர்ந்திருப்பதால் கைதட்டினாள். நானாவுக்குப் பறவையில் ஒரு துண்டம் கொடுத்தாள். அறுத்தது யார் கையென்று கேட்டுவிட்டு, அவர் ரொட்டியும் ஜாமும் போதுமென்றார். பிள்ளைகள் உண்மையான பறவையைப் பார்த்து, இது படத்திலிருந்ததன் குஞ்சா என்று கேட்டார்கள். மிஞ்சிய பறவை எழுந்து ஓடுகிறதா என்று சிறிது நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தின்றார்கள். புத்தகத்தைத் துரைசாணி நானாவுக்கே நன்றிப் பரிசாகத் தந்துவிட்டாள்.

புறப்படும்போது, மூன்றாம் லயத்து ரெங்கம்மா எதிரே வந்தாள். நாற்பது வயதிருக்கும், கொழுந்து கிள்ளுவதில் அந்தத் தோட்டத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும் அப்படியே. லயத்துக்குப் பின்னால் அவள் போட்ட கொடியிலிருந்து ஒரு மஞ்சள் பூசணிக்காயைப் பறித்துவந்து மூட்டைமேல் வைத்து, "நானா, எனக்கு ஒரு எடம் போட்டு வைங்க" என்றாள். காய் கதைக்குச் சன்மானம், இடம் அடுத்த கதை கேட்க என்று எண்ணி, நானா ஒரு முழம் உயர்ந்துபோய், போட்டுவைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பூசணிக்காய் பதுளைக்கு வந்தது. ஸுலைஹா தேங்காய்ப்பால் விட்டு, மாசிக் கருவாடு தட்டிப்போட்டுச் சமைத்தாள். மூன்று வேளை நடந்தது. மூன்றாம் வேளை கடைசிக் கவளத்தின்போதுதான் முதல் ஆள் வந்து கதவைத் தட்டி, கப்பலில் சாமான் எவ்வளவு விடுவார்கள் என்று கேட்டான். போகிறபோக்கில், ரெங்கம்மா தன் இடம் பின்பக்கமாக இருக்க வேண்டுமென்று சொல்லியனுப்பியதையும் சொன்னான்.

நானா கவளத்தைப் பார்த்தார். "தின்டது கறியில்லடி, கப்பல் கூலி" என்று ஸுலைஹாவிடம் சொன்னார்.

அதற்குள் தோட்டத்தில் வேறொன்று நடந்திருந்தது. நானா சொன்ன கதையைச் சமையற்காரன் துரைக்கு அப்படியே ஒப்பித்தான். வெள்ளைக்காரர்கள் காணியைக் காட்டுமனிதனிடம் எண்ணிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய இடம்வரை துரை சிரித்தாராம். அதற்குப்பின் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெரிய கங்காணி மாடசாமியைக் கூப்பிட்டாராம். மாடசாமிக்கோ துரையைவிட அதிக பயம். முந்நூறு பேரைக் கடல்தாண்டிக் கூட்டிவந்தவர் அவர். திரும்பும் கப்பல் என்ற பேச்சே அவர் காதுக்கு ஆகாது. பெண்கள் பயணத்துக்கென்று பானைகளைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்த புதன்கிழமை நானா மலையேறி வந்தபோது கங்காணி தோட்டத்து வாசலிலேயே நின்றார். புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். பின்பக்கம், முன்பக்கம் இரண்டையும் பார்த்தார். இடப்பக்கத்து அட்டை மேலே வரும்படி திருப்பி, நானாவின் கையில் வைத்தார்.

"காலையில பெரட்டுக் களத்துல நின்னு, இந்தப் பக்கமிருந்து சொல்லு. இல்லேன்னா இனிமே இந்த வாசல்ல உன் மூட்டை ஏறாது" என்றார்.

அந்த வாசலுக்கு மேலேதான் இன்னும் நான்கு தோட்டங்கள். வேறு பாதை கிடையாது. பாதையில்லாத மூட்டைக்காரன் வெறும் மூட்டை. அன்றிரவை நானா படங்களை இடமிருந்து வலமாகப் பார்த்துப் பழகுவதில் கழித்தார். கை திரும்பத் திரும்ப வலப்பக்கத்துக்கே போனதாம். "அம்பது வருஷமா ஒரு பக்கம் திங்கிற மாடு" என்று தம் கையைத்தான் திட்டிக்கொண்டாராம்.

விடியற்காலம், மூடுபனி. கொம்பு ஊதியதும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆண்களும் பெண்களும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நானா ஒரு தேயிலைப் பெட்டியின்மேல் ஏறி, முன்பு தவறாகச் சொல்லிவிட்டதாகவும் அதற்குத் தம் படிப்பே காரணமென்றும் சொல்லி, நேராகத் தொடங்கினார். ஒரு ஊரில் சிலபேர் கப்பலேறினார்கள். கரையில் நின்றவர்கள் கைக்குட்டை வீசி அழுதார்கள். இறங்கின இடத்தில் குளிர். வீடில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் நோயில் செத்தார்கள். மிஞ்சினவர்கள் மண்ணைக் கொத்தினார்கள். விதை போட்டார்கள். விளைந்தது. ஒருநாள் ஒரு பறவையைக் கொன்று தின்றார்கள். அவ்வளவுதான்.

சொல்லச் சொல்லத் தம் குரல் தாழ்ந்துபோனது நானாவுக்கே தெரிந்தது. பிள்ளைகள் பாதியிலேயே நழுவிவிட்டார்கள். காணிக்கார இறகு மனிதன் கடைசியில் என்ன ஆனான் என்று யாரோ கேட்டதற்கு, அவன் மேசையோரத்தில் உட்கார்ந்திருக்கிறான், அப்புறம் படமில்லை என்றார். கங்காணி திருப்தியாகத் தலையாட்டினார். கப்பல் அங்கேயே, மடுல்சீமை மூடுபனியில், முழுகிப்போயிற்று.

வரிசையிலிருந்து ரெங்கம்மாவின் குரல் வந்தது.

"இது எங்களுக்குத் தெரிஞ்ச கததானே நானா. நீங்க மத்தத சொல்லுங்க."

கங்காணி காது கேளாதவர்போல ஆட்களைப் பேர்சொல்லி மலைக்கு அனுப்பத் தொடங்கினார்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதமாகிறது. தை பிறந்தது, கப்பல் புறப்படவில்லை, மொஹிதீன் முதலாளியின் வெங்காயம் பதுளையிலேயே முளைவிட்டது. நானாவின் பாதை தப்பித்தது. இப்போதும் வியாழக்கிழமைகளில் அவர் ஊசிப்பாறைக்குப் போகிறார். துணி அளந்து முடிந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொள்கிறார்கள். கங்காணி பக்கத்தில் இருந்தால் நானா புத்தகத்தை இடப்பக்கம் திறந்து, சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். கங்காணி தலை மறைந்ததும் அது வலப்பக்கம் புரளும். பொரித்த பறவை எழுந்து சிறகு தேடும். "நேராச் சொன்னா ஒருத்தருக்கும் புடிக்கல்ல. பொழையாச் சொன்னா மடுவமே நெறயிது. எனக்குப் படிப்பு இல்லாதது எவ்வளவு நல்லம் பாருங்க" என்று சொல்லித் தாமே சிரிக்கிறார். முன்பெல்லாம் படிப்பைப் பற்றி இப்படிப் பேசமாட்டார்.

தீராமல் நிற்பது பூசணிக்காய் விவகாரம் ஒன்றுதான். கப்பல் இல்லையென்று ஆனபிறகு அதன் கூலியை வைத்துக்கொள்வது ஹராம் என்பது நானாவின் கட்சி. ஹாலிஎலச் சந்தையில் அதைவிடப் பெரிய காயாகப் பார்த்து வாங்கி, இருபது மைலுக்கும் மேல் சுமந்துகொண்டுபோய் ரெங்கம்மாவின் வாசலில் வைத்தார். அவள் தொடமாட்டேனென்றாள். சீத்தைத் துண்டு கொடுத்தார். அதையும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முசிறிக்குப் பக்கத்தில் அவளுடைய ஊர். பதினேழு வருஷத்துக்கு முன்பு கப்பலேறும்போது ஒரு பெட்டை ஆட்டை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தாளாம். அது இத்தனை வருஷத்தில் எத்தனை குட்டி போட்டிருக்கும், அந்தக் குட்டிகள் எத்தனை போட்டிருக்கும் என்று அவளிடம் ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. மந்தையைக் கேட்டு வாங்காமல் விடுவதாயில்லை.

போன வியாழக்கிழமையும் நானா காயோடுதான் போனார். "இது மலை ரெங்கம்மா. இங்க எங்கால கப்பல் வரப்போகுது? பூசணிக்காய வாங்கிக்க. என்ட கடன் தீரட்டும்" என்றார்.

"மலைன்னு எனக்குத் தெரியாதுங்களா? பதினேழு வருசமா ஏறி எறங்குறேன். காய நீங்களே கொண்டுபோங்க. எடம் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவள் புத்தகத்தைக் கேட்டாள். நானா வலப்பக்கமாகத் திறந்து, கப்பல் பக்கம்வரை புரட்டிக் கொடுத்தார். மேல்தளம் முழுவதும் கறுப்புச் சட்டைக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்பக்கத்தில், கயிற்றுச் சுருளுக்கு அருகே மட்டும், ஓர் ஆள் குந்துகிற அளவுக்கு வெற்றிடம். கொழுந்துக் கறையேறிய ஆள்காட்டி விரலை ரெங்கம்மா அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள்.

மழை தூற ஆரம்பித்திருந்தது. நானா ஒரு கையால் பூசணிக்காயை இடுப்பில் அணைத்துக்கொண்டு, மறுகையால் குடையை விரித்துப் புத்தகத்தின்மேல் பிடித்தார். அவள் விரலை எடுக்கும்வரை பக்கத்தைப் புரட்டாமல் நின்றார்.